மீன் வயிற்றுக் குறுணல்

செவ்வாய்க்கிழமைகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையின் மீன் பக்கத்தில் ஈ ஓட்டுவதைத் தவிரப் பெரிய வேலை இருக்காது. ஊரில் பாதிப்பேருக்கு அன்றைக்கு மரக்கறி. கதிரவேலு நாலைந்து விளைமீனையும் கொஞ்சம் சூடையையும் பலகையில் பரப்பி வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொடுக்கும் கேதீஸ்வரி கத்தியைத் தீட்டுவாள். தீட்டி முடிந்ததும் தீட்டிய கத்தியையே இன்னொருமுறை தீட்டுவாள். அப்படியொரு செவ்வாயில்தான் ஆரணி வந்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் ஐஸ் பெட்டி. மூக்கைப் பொத்தலாமா, பொத்தினால் மரியாதையில்லையா என்ற தவிப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கிளிநொச்சி வியாபாரி ஒருவர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயொன்றை இறக்கினார். உள்ளே திலாப்பியாக்கள் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. கடல்மீன் தின்று வளர்ந்த ஊரில் அந்தக் குளத்து மீனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவள் பன்னிரண்டு மீனுக்குச் சொல்லிவைத்து எடுப்பித்திருக்கிறாள்.

பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதாகவும், ஒரு ஆய்வுக்கு மீன் தேவைப்படுவதாகவும் சொன்னாள். உயிர்மீனை அடிக்கத் தனக்குக் கை வராது, கோப்பாயில் தங்கள் வீட்டுக் குசினிக்குள் கருவாடுகூட நுழைந்ததில்லை, அதனால் அடித்து வயிற்றைக் கீறித் தந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மீன் வேண்டாமா என்று கேதீஸ்வரி கேட்டாள். வேண்டாமாம். வயிற்றுக்குள் இருப்பதுதான் வேண்டுமாம். கதிரவேலு பேப்பரைத் தாழ்த்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

கேதீஸ்வரி முதல் மீனைக் கீறிக் கொடுத்தாள். ஆரணி சின்ன இடுக்கியால் உள்ளே துழாவினாள். பித்தப்பை உடைந்து பச்சையாக வழிந்தது. இரண்டாவதிலும் உடைந்தது. மூன்றாவதில் உடையவில்லை, ஆனால் தேடியது கிடைக்கவில்லை. நாலாவதில் மறுபடியும் உடைந்தபோது கேதீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடமாகப் பித்தப்பை உடையாமல் மீன் வெட்டுகிறவள் அவள். தேடுவது என்ன என்று சொல்லச் சொன்னாள். பித்தப்பைக்குப் பக்கத்துக் கொழுப்பில் வெளிறிய நிறத்தில் மிகச் சிறிய மணியொன்று இருக்கும் என்றாள் ஆரணி. கேதீஸ்வரி ஐந்தாவது மீனை எடுத்துக் கொழுப்பை விரலால் விலக்கி, கத்தி நுனியில் ஒன்றை ஏந்திக் காட்டினாள்.

"உந்தக் குறுணலைத்தானே தேடுறியள்?"

உடைந்த அரிசி அளவுதான் இருந்தது. ஆரணி கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தாள். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு ஒன்றெடுக்கத் தனக்கு அரை மணித்தியாலம் போகிறது என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குள் கேதீஸ்வரி அடுத்த மீனில் இரண்டு எடுத்துவிட்டாள்.

இதை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஆரணி சொன்ன பதில் அவள் கையை நிறுத்தியது.

"இதுக்குள்ளைதான் அக்கா இன்சுலின் சுரக்கிற கலங்கள் இருக்கு. மனுசருக்கு அது கணையம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், பிரிச்செடுக்கிறது பெரிய பாடு. இந்த மீனுக்கு மட்டும் ஆரோ தனியா உருட்டி வைச்ச மாதிரி இருக்கு."

"இது இல்லாத ஆக்கள்தானே ஊசி போடுகினம்?"

"ஓம். இல்லாத ஆக்கள், இருந்தும் வேலை செய்யாத ஆக்கள்."

கேதீஸ்வரி கத்தி நுனியில் இருந்ததைக் கண்ணாடிக் கிண்ணத்தில், கழற்றிய தோட்டை வைப்பதுபோல் பார்த்து வைத்தாள்.

அவளுடைய கணவன் பார்த்தீபன் இருபத்தாறு வருடமாகத் தனக்கு இன்சுலின் ஊசி போட்டுவருகிறவன். போரில் மயிலிட்டியை விட்டுச் சிதறிய குடும்பங்களில் அவர்கள் இரண்டு பேருடையவையும் இருந்தன. மல்லாகத்து அகதி முகாமில்தான் ஒருவரையொருவர் கண்டார்கள். பத்தொன்பது வயதில் அவன் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தான், எலும்பும் தோலுமானான், ஒருநாள் கிணற்றடியில் விழுந்தான். அன்றைக்குத் தொடங்கியது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றினான். இப்போது ஊர் திரும்பி, மயிலிட்டித் துறையில் படகு எஞ்சின் திருத்துகிறான். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்ததும் இத்தனை அலகு என்று மனதுக்குள் கணக்குப் போடாமல் அவன் ஒருவாய் சோறு தின்று கேதீஸ்வரி கண்டதில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அவள் விஷயத்தைச் சொன்னபோது அவன் ஒரு காபுரேட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, ஒரு குளத்து மீனிட்டை இருக்கிற சாமான் என்னட்டை இல்லை எண்டுறீர்" என்று சொல்லிச் சிரித்தான். சாப்பிடும்போது, அது என்ன நிறம் என்று கேட்டான். கை கழுவும்போது, எவ்வளவு பெரிது என்று கேட்டான். படுக்கப் போகுமுன் மறுபடியும் நிறத்தைக் கேட்டான்.

அடுத்த செவ்வாயிலிருந்து கேதீஸ்வரி ஆய்வுகூடத்துக்கே போகத் தொடங்கினாள். வெள்ளை அங்கி கொடுத்தார்கள். அதன் கைகள் நீளம் கூடியதால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். மீனை அடித்ததிலிருந்து குறுணல் ஐஸ் தண்ணீருக்குள் போகும்வரை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவாள். ஆரணி அந்தக் குறுணல்களைக் கடற்பாசியிலிருந்து எடுத்த பசையோடு சேர்த்து, துளித்துளியாக ஒரு கரைசலில் விழுத்துவாள். ஒவ்வொரு துளியும் வேகவைத்த சவ்வரிசிபோல் உருண்டு இறுகும், நடுவில் குறுணல் தெரியும்.

வேற்றுக் கலம் உள்ளே வந்தால் உடம்பின் காவல்காரர் அதை அடித்துக் கொன்றுவிடுவார்கள், அதற்குத்தான் இந்தப் பசை உறை என்று ஆரணி விளக்கினாள். சீனி உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், காவல்காரர் மட்டும் நுழைய முடியாது. கண் சின்ன வலை என்றாள் கேதீஸ்வரி. அதேதான் என்றாள் ஆரணி. அதற்குப் பிறகு மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள்.

மனிதருக்கு எப்போது வைப்பார்கள் என்று கேதீஸ்வரி கேட்டபோது ஆரணி மழுப்பவில்லை. முதலில் கிண்ணத்தில் வேலை செய்யவேண்டும், பிறகு எலியில். மீனின் இன்சுலின் மனிதருடையதைப்போல் முழுக்க இருக்காது, அதற்கும் வழி காணவேண்டும். வெளிநாடுகளில் மனிதக் கலங்களையே வளர்த்துக் கொஞ்சப் பேருக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் எல்லோருக்கும் வர நாள் எடுக்கும். பத்து வருடமோ இருபது வருடமோ, தன்னால் சொல்ல ஏலாது என்றாள். கேதீஸ்வரிக்கு நெஞ்சு கொஞ்சம் வாடியது. ஆனாலும் யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோஷம் அந்த வாட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தச் சந்தோஷம்தான் அவளை மாட்டிவிட்டது. மீன் வெட்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை. பாரைத் தலையைப் பிளந்தபடி, திலாப்பியா வயிற்றில் இன்சுலின் இருக்கிறது தெரியுமா என்று வாடிக்கைக்காரருக்குச் சொன்னாள். ஆய்வு, கிண்ணம், எலி எல்லாவற்றையும் சொல்லத்தான் செய்தாள். ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது முதல் வரியை மட்டும்தான்.

இரண்டு கிழமைக்குள் கதிரவேலு பலகைக்கு மேலே ஒரு காட்போட் மட்டையைத் தொங்கவிட்டான். 'சீனி வருத்தத்துக்குக் கைகண்ட குளத்து மீன்' என்று அதில் எழுதியிருந்தது. அவன் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவனே அதை நம்பி, தன் மாமியாருக்குத் தினமும் கொடுத்துவந்தான். விளைமீன் கிடந்து காய, திலாப்பியா காலை எட்டு மணிக்கே முடிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கேதீஸ்வரி குறுணலை எடுத்துத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தின்றால் நன்மையோ இல்லையோ, கெடுதல் வராது என்று நினைத்தாள். ஒரு செவ்வாயில் ஆய்வுகூடத்துக்கே மீன் கிடைக்கவில்லை. வியாபாரி வரும் வழியிலேயே எல்லாம் விற்றுப்போயிற்றாம்.

பிறகொரு புதன்கிழமை நல்லம்மா சந்தைக்கு வந்தாள். கையில் பை இல்லை. அவளுடைய கணவர் இராசநாயகத்தார் இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர், கேதீஸ்வரியிடம் நாள் தவறாமல் மீன் வெட்டுவிப்பவர். அவர் பெரியாஸ்பத்திரியில் கிடப்பதாக நல்லம்மா சொன்னாள். குறுணலைப் பொரித்துத் தின்னத் தொடங்கியதும், இனி எதற்கு ஊசி என்று ஐந்து நாளாக அதை நிறுத்திவிட்டிருக்கிறார். சீனி ஐந்நூறைத் தாண்டி, நினைவு தடுமாறி, வாகனம் பிடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது ஆபத்தில்லையாம். நல்லம்மா திட்டவில்லை. பிள்ளை, உனக்குத் தெரிய வேணும் எண்டு சொல்ல வந்தனான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

கேதீஸ்வரி கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள். கணவனுக்குப் போன் எடுத்தாள். அவன் எண்ணெய்க் கையோடு மோட்டார் சைக்கிளில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம் அவள் தன்னைத்தானே நொந்துகொண்டு வந்தாள். பார்த்தீபன் இடையில் ஒரேயொரு தடவை, பொட்டலம் கட்டினது பிழைதான், ஊசியை நிப்பாட்டச் சொன்னது நீர் இல்லை என்றான்.

இராசநாயகத்தார் சேலைன் ஏறும் கையோடு சாய்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்த மனுசன், மீன் குடலை நம்பிப் படுத்ததை அவரால் தாங்க முடியவில்லை. பார்த்தீபன் கட்டிலோரம் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசித் தழும்புகளைக் காட்டினான்.

"ஐயா, நானும் ஒருக்கா நிப்பாட்டிப் பார்த்தனான். இருபத்திரண்டு வயசிலை, ஒரு சாத்திரியாரின்ரை கதையைக் கேட்டு. மூண்டு நாள்தான் தாங்கினது. உங்களுக்கு அஞ்சு நாள். நீங்கள் என்னைவிடக் கெட்டி."

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் நல்லம்மாவுக்கு அழுகை வந்தது. கேதீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பும் வழியில்தான் அவளுக்கு அந்த யோசனை பிடிபட்டது. வாயால் சொன்னதை வாயால் திருத்த முடியாது, கண்ணால் காட்டவேண்டும். அவள் திட்டத்தைச் சொன்னதும் பார்த்தீபன் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். பிறகு சரியென்றான். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஊசியைத் தள்ளிப்போட மாட்டேன் என்று நிபந்தனை வைத்தான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குச் சந்தையில் கால்வைக்க இடமில்லை. பார்த்தீபன் கவிழ்த்த மீன் பெட்டியில் வந்து குந்தினான். பக்கத்தில் சீனி பார்க்கும் கருவி, பேக்கரியில் வாங்கிய ஒரு பணிஸ், இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, ஒரு தட்டில் பொரித்த குறுணல் இருபத்திரண்டு. கேதீஸ்வரி மட்டையைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி, இராசநாயகத்தாரிடம் பேனையோடு கொடுத்தாள். அவர் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்தார். நல்லம்மா வேண்டாமென்றும் கேளாமல், இதற்குத் தான்தான் சாட்சி என்று புறப்பட்டு வந்துவிட்டார்.

பார்த்தீபன் தன் விரலில் ஊசி குத்தினான். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டி, தந்தி வாசிக்கும் குரலில் நூற்றி நாற்பத்தொன்று என்று அறிவித்து எழுதினார். பார்த்தீபன் குறுணலைத் தின்று, பணிஸைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். உப்புக் காணாது என்று மட்டும் சொன்னான். ஒரு மணித்தியாலம் பொறுக்கவேண்டும். சனம் மரக்கறிப் பக்கம் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பித் திரும்பி வந்தது. பச்சையாகத் தின்றால்தான் பலன் என்று ஒருத்தி சொன்னாள். கேதீஸ்வரி வெட்டிக்கொண்டிருந்த மீனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"ஆட்டு மூளை திண்ட ஆக்கள் ஆடு மாதிரியே யோசிக்கினம், அக்கா? வயித்துக்குள்ளை போனா எல்லாம் சின்னச் சின்னனா உடைஞ்சு சாப்பாடாப் போயிடும். உடையாமல் இரத்தத்துக்குப் போகவேணும் எண்டுதான் ஊசியாலை குத்துகினம். இல்லாட்டி இவருக்கு என்ன, குத்திறதுக்கு ஆசையே?"

கூட்டம் சிரித்தது. அந்த நேரம் ஆரணி ஓடிவந்தாள். யாரோ போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்ற பயத்தில் முகம் வெளிறியிருந்தது. மனுசனை வைத்துச் சோதனை செய்யலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். தன் வயிறு, தன் பணிஸ், தான் நாளும் பார்க்கிற சீனி, இதற்கு யாரிடம் கேட்பது என்றான் பார்த்தீபன். ஆரணி பதில் சொல்ல வாயெடுக்கும்போது ஒரு மணித்தியாலம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை விரலில் குத்தினான்.

"இருநூற்றி எழுபது" என்றார் போஸ்ட்மாஸ்டர். பார்த்தீபன் வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டான்.

குறுணல் தின்னாவிட்டால் முந்நூறு ஆகியிருக்குமோ என்னவோ என்று கதிரவேலு இழுத்தான். மாமியாரை நினைத்திருப்பான். கேதீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். நேற்று, இதே நேரம், இதே பணிஸ், இதே தேத்தண்ணி, குறுணல் மட்டும் இல்லை. முதலில் நூற்றி முப்பத்தெட்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இருநூற்றி அறுபத்தாறு. இராசநாயகத்தார் அதையும் மட்டையில் எழுதி, இரண்டையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார்.

ஆரணி அந்த மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேற்றும் பார்க்கவேணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அக்கா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் கிண்ணம் வைக்கேக்கை எப்பவும் ஒண்டிலை ஒண்டும் போடாமல் விடுறனீங்கள்தானே. ஏன் எண்டு கனநாளா யோசிச்சனான்."

ஆரணிக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கியது. தன் இரண்டாம் வருட மாணவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தனக்கு ஒரு தவணை முழுக்க எடுக்கிறது என்றாள். கதிரவேலு அன்றைக்கே வீட்டுக்குப் போன் எடுத்து, மாமி மருந்துக் குளிசையை விட்டுவிட்டாவா என்று விசாரித்தான். மாமி விடவேயில்லையாம். குறுணலைப் பூனைக்குப் போட்டு வந்தாவாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாயில், பார்த்தீபனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் ஆரணி. அவன் சவர்க்காரம் போட்டு மூன்றுதரம் கை கழுவினான். நகக்கண்ணில் இருந்த எண்ணெய் போகவில்லை. ஆய்வுகூட மேசையில், சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்த ஒரு பிளாஸ்டிக் தட்டை ஆரணி வைத்தாள். இடதுபக்கக் குழிகளுக்கு வந்தது சீனி குறைந்த தண்ணீரில் கிடந்த உருண்டைகளின் நீர், வலதுபக்கத்துக்கு வந்தது சீனி கூடிய தண்ணீரில் கிடந்தவற்றின் நீர். இன்சுலின் எவ்வளவு கூடவோ நிறம் அவ்வளவு கடுக்கும் என்றாள். கடைசி மருந்தை விட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

இடதுபக்கம் தேசிக்காய்த் தண்ணீர்போல் வெளிறி நின்றது. வலதுபக்கம் மெல்ல மெல்ல ஏறி, மஞ்சள் கரைத்ததுபோல் கடுத்தது. கேதீஸ்வரி ஒன்று, இரண்டு என்று குழிகளை எண்ணினாள். எட்டில் ஏழு. எட்டாவது ஏன் வெளிறிப் போனது என்று கவலைப்பட்டாள். ஆரணிக்கோ ஏழே திருவிழாவாக இருந்தது. இது கிண்ணத்தில் மட்டும்தான், இனித்தான் எலி, இனித்தான் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பார்த்தீபனை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கண்ணாடிபோல் ஒரு உருண்டை, நடுவில் இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளைக் குறுணல். அவன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப சீனியைக் குறைச்சுவிட்டா?" என்று கேட்டான்.

"சுரக்கிறதைக் குறைச்சுப்போடும்" என்றாள் ஆரணி.

"திருப்பிக் கூட்டினா?"

"திருப்பிச் சுரக்கும்."

"கணக்குப் பார்க்கிறது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. அதுவே பார்க்கும்."

பார்த்தீபன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். இருபத்தாறு வருடத்துச் சாப்பாட்டுக் கோப்பைகள் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தன. பிறகு மறுபடியும் குனிந்து கண்ணை வைத்தான்.

"நல்ல எஞ்சின்" என்றான். "ஒரு கை படாமல் ஓடுது. எனக்கு வராட்டிலும் பரவாயில்லை, இப்ப இருக்கிற சின்னப் பிள்ளையளுக்கு வந்தாக் காணும்."

உங்களுக்கும் வரட்டும் என்றாள் கேதீஸ்வரி. அடுத்த தடவைக்கான மீன்கள் தொட்டியில் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் அங்கியின் கைகளை மடித்துவிட்டுக் கையுறையை மாட்டினாள். துறையில் இரண்டு எஞ்சின் கழற்றிப் போட்டபடி கிடக்கிறது, நேரத்தோடு வெளிக்கிடுங்கோ என்று கணவனிடம் சொன்னாள். ஓம் ஓம் என்றான் அவன். ஆனால் எழும்பவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதல் மீனின் வயிறு திறப்பதைப் பார்க்கக் குனிந்தான்.